பாறையிலிருந்து விழுந்த பிறகு

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைப் படகுக்காரர் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயிலிடம் ஒருமுறை தன் மனத்தில் பட்டதைச் சொன்னார். அந்தப் பாறையிலிருந்து விழுந்தபோது ஹோம்ஸ் செத்துப்போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய மனிதராக இல்லை என்பதுதான் அது. பெயர் தெரியாத அந்த வாசகரின் தீர்ப்பை டாயில் மறைக்கவில்லை. 1924-இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் அதை எடுத்தெழுதி, கூடவே ஒரு பதிலும் கொடுத்தார். தொடரைக் கடைசியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் படித்துப் பாருங்கள். சலிப்பில்லாத மனத்தோடு கடைசிக் கதைகளை அணுகினால், மொத்தச் சராசரி அப்படியொன்றும் உயரத்தில் இல்லாவிட்டாலும், கடைசிக் கதை முதல் கதைக்குக் குறைந்ததல்ல என்று ஒப்புக்கொள்வீர்கள் என்றார்.

ஆண்டுக்கணக்கில் ஓடிய எந்தத் துப்பறியும் தொடரைப் பற்றிப் பேசினாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது அந்தப் படகுக்காரராகிவிடுகிறார்கள். மாத நாவல்களில் வந்துபோன நம் ஊர்த் துப்பறிவாளர்களைப் பற்றியும் இதையே கேட்டிருக்கிறேன். "ஆரம்பத்தில் நன்றாக இருந்தது, போகப்போக நீர்த்துவிட்டது." எங்கள் வீட்டில் இந்தக் கட்சியின் தலைவன் என் தம்பி. அவன் புதிர்ப் பிரியன். விடை வாசகனுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் எட்டக் கூடாது. அந்த இடைவெளியின் அளவை வைத்தே ஒரு கதைக்கு மதிப்பெண் போடுவான். அவன் கணக்கில் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர் 1893 டிசம்பரில், ஹோம்ஸ் விழுந்த ரைஹன்பாக் அருவியோடு முடிந்துவிட்டது. எதிர்க்கட்சி அம்மா. தமிழ் மொழிபெயர்ப்புகளில் ஹோம்ஸைப் படித்தவர். கொலையாளி யார் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுவார். எந்தக் கதையில் ஹோம்ஸின் நண்பரும் கதைசொல்லியுமான வாட்சனுக்குக் குளிர் காய்ச்சல், எந்தக் கதையில் வீட்டுக்காரர் ஹட்சன் அம்மையார் காலைச் சாப்பாட்டோடு மாடியேறி வந்தார் என்பது மட்டும் அச்சுப் பிசகாமல் நினைவிருக்கும்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, டாயில் சொன்ன சோதனையைச் செய்தே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். 56 சிறுகதைகள், நான்கு நாவல்கள். கடைசிக் கதையிலிருந்து முதல் நாவல் வரை, தலைகீழாக. பார்த்ததைச் சொல்வதற்கு முன் அந்த வீழ்ச்சியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது புரியாமல் படகுக்காரரின் வருத்தம் புரியாது.

ஹோம்ஸ் பிறந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் நாவலின் உரிமையை டாயில் 25 பவுனுக்கு விற்றார். அது 1887-இல் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. 1890-இல் இரண்டாவது நாவல். இரண்டுமே ஊரைக் கலக்கவில்லை. திருப்பம் 1891-இல் வந்தது. ஜார்ஜ் நியூன்ஸ் ஜனவரியில் தொடங்கியிருந்த ஸ்ட்ராண்ட் மாத இதழைப் பார்த்து டாயில் ஒன்றை யோசித்தார். பத்திரிகைத் தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்டவர் கதையையே விட்டுவிடுகிறார். தனிச் சிறுகதைகளுக்கோ வாசகரை அடுத்த மாதமும் இழுத்துவரும் பிடிப்பு இல்லை. ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் ஒவ்வொரு மாதமும் முழுமையான ஒரு கதை என்று வைத்தால் இரண்டு குறையும் தீரும். ஜூலை இதழில் பொஹீமிய மன்னரின் கதை வந்தது. சில மாதங்களில் பத்திரிகையின் முகமே ஹோம்ஸ் என்றாகிவிட்டது.

இன்று நமக்கு மிகச் சாதாரணமாகத் தெரியும் இந்த ஏற்பாடு வாசகரிடம் செய்த மாற்றம் பெரிது. தொடர்கதை வாசகர் முடிவுக்காகக் காத்திருப்பார். இங்கே முடிவு ஒவ்வொரு மாதமும் கிடைத்துவிடுகிறது. அப்படியானால் அடுத்த மாதம் எதற்காகக் காத்திருக்கிறார்? அந்த அறைக்காக; கணப்பின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்காக. புதிருக்காகத்தான் வாங்குகிறோம் என்று அவர்களே நினைத்திருக்கலாம். 1893 டிசம்பரில் அவர்கள் நடந்துகொண்ட விதம் வேறொன்றைக் காட்டியது.

டாயிலுக்குத் தொடங்கிய வேகத்திலேயே அலுத்துவிட்டது. தன் பெயர் வரலாற்று நாவல்களால் நிற்கும் என்று நம்பியவர் அவர். மாதா மாதம் புதிய சூழ்ச்சி ஒன்றைக் கண்டுபிடிப்பதில் போகிற உழைப்பு ஒரு நாவலுக்கே போதும் என்று குமைந்தார். 1891 நவம்பரிலேயே, பன்னிரண்டாவது கதையில் ஹோம்ஸைத் தீர்த்துவிடப் போவதாகத் தாய்க்கு எழுதினார். தாய் மேரி கூடாது என்று தடுத்ததோடு நிற்காமல், பொன்னிற முடி கொண்ட பெண் ஒருத்தியை வைத்துக் கதைக்கான ஒரு கருவையும் கொடுத்தார். அந்தக் கருதான் முதல் தொகுப்பின் கடைசிக் கதையாக 1892 ஜூனில் வந்தது. தொடரைக் காப்பாற்றிய முதல் வாசகக் கருத்து அந்தத் தாயுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கு மகனைவிட ஹோம்ஸைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது" என்றார்.

தாயின் தடை இரண்டு ஆண்டுக்குமேல் தாங்கவில்லை. கேட்டால் தரமாட்டார்கள் என்று நினைத்து அடுத்த பன்னிரண்டு கதைகளுக்கு டாயில் ஆயிரம் பவுன் கேட்டார்; ஸ்ட்ராண்ட் ஒப்புக்கொண்டது. 1893-இல் சுவிட்சர்லாந்தின் மெய்ரிங்கன் ஊரருகே ரைஹன்பாக் அருவியைப் பார்த்தார். இடம் கிடைத்துவிட்டது. அதுவரை எந்தக் கதையிலும் வராத பேராசிரியர் மோரியார்ட்டி என்ற எதிரியை ஒரே கதைக்குள் பிறக்க வைத்து, ஹோம்ஸோடு சேர்த்து அருவிக்குள் தள்ளினார். ஹோம்ஸைக் கொன்றாயிற்று என்று தன் குறிப்பேட்டில் இரண்டே சொற்களில் எழுதிவைத்தார்.

லண்டன் இளைஞர்கள் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு துக்கம் அனுசரித்தார்கள் என்று பல நூல்களில் இருக்கிறது. அக்காலத்து ஆதாரம் எதையும் யாரும் எடுத்துக் காட்டவில்லை. இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்பதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எண். இந்த அலங்காரங்களை எடுத்துவிட்டாலும் டாயிலே எழுதிவைத்தது போதும். பலர் அழுததாகக் கேள்விப்பட்டிருக்கிறார். ஒரு பெண்மணி அவரை மிருகமே என்று விளித்துக் கடிதத்தைத் தொடங்கியிருக்கிறார். புதிருக்காகப் படிக்கிறவர் யாரும் அப்படி எழுத மாட்டார். புதிர் வேண்டுமானால் அதே இதழில் வேறு யாராவது எழுதியது கிடைக்கும். அவர் இழந்தது ஒரு மனிதரை.

தம்பிக்கு அந்தக் கதையே போதும். அவனுக்கு அதில் மிகவும் பிடித்தது, சாவைக் கண்ணால் பார்த்தவர் எவரும் இல்லை என்பது. பாறை ஓரத்தில் ஒரு கைத்தடி, ஒரு கடிதம், போய்த் திரும்பாத காலடித் தடங்கள். "துப்பறிவாளனின் சாவையே துப்பறிந்துதான் தெரிந்துகொள்கிறோம். இதற்குமேல் ஒரு தொடர் எங்கே போக முடியும், அக்கா?" என்பான். நல்ல கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எட்டாண்டு இடைவெளிக்குப் பிறகு, 1901 ஆகஸ்டில், பாஸ்கர்வில் வேட்டைநாய் நாவல் தொடராக வந்தது. அதில்கூட டாயில் பிடி கொடுக்கவில்லை; வீழ்ச்சிக்கு முன் நடந்த கதை என்றே எழுதினார். அப்படியும் ஸ்ட்ராண்டின் விற்பனை ஏறியது. பிறகு அமெரிக்காவின் காலியர்ஸ் இதழ் 13 கதைகளுக்கு 45,000 டாலர் வரை தருவதாகச் சொன்னது. 1903-இன் இலையுதிர்காலத்தில் வெளிவந்த காலி வீட்டுக் கதையில், புத்தகங்களைச் சுமந்து வந்த கூனல் கிழவர் ஒருவர் கென்சிங்டனில் இருந்த வாட்சனின் அறைக்குள் நுழைந்தார். வாட்சன் தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது எதிரே ஹோம்ஸ் நின்றார். வாழ்நாளில் முதலும் கடைசியுமாக வாட்சன் மயங்கி விழுந்தார்.

ஹோம்ஸ் தரும் விளக்கம் பலவீனமானது. ஜப்பானிய மல்யுத்தம் தெரிந்ததால் தப்பினாராம். சிகர்சன் என்ற நார்வேக்காரராகத் திபெத்தில் இரண்டு ஆண்டு, பிறகு பாரசீகம், மெக்கா, கார்ட்டூம், பிரான்சில் நிலக்கரித் தார் ஆராய்ச்சி. தம்பி இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தான். மூன்று ஆண்டுகள் நண்பனை அழவிட்டவனை எப்படி மன்னிப்பது என்பது அவன் கட்சி. எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது. ஆனால் அவன் அடுத்த கதையையும் படித்திருக்க வேண்டும். அதன் தொடக்கத்தில் வாட்சன் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார். மனைவியை இழந்தவர், தன் மருத்துவத் தொழிலை விற்றுவிட்டு பேக்கர் தெரு அறைக்கே திரும்பிவிட்டார். வெர்னர் என்ற இளம் மருத்துவர் கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்து வாங்கிக்கொண்டார். அந்த வெர்னர் ஹோம்ஸின் தூரத்து உறவினர் என்பதும், பணம் கொடுத்தவரே ஹோம்ஸ்தான் என்பதும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வாட்சனுக்குத் தெரியவந்தது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒருவர் நண்பனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் செய்த காரியம் அது. அந்தக் கதையின் புதிர் எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. இந்த நான்கைந்து வரிகள் மறக்கவில்லை.

வாசகர் கருத்து என்றால் விரிந்த தீர்ப்புகள் மட்டும் அல்ல. இந்தத் தொடரின் வாசகர்களைப்போல் நுணுக்கமாகக் குறை கண்டுபிடித்தவர்கள் அபூர்வம். பள்ளி மாணவன் காணாமல்போகும் கதையில், சேற்றில் பதிந்த சைக்கிள் தடத்தைப் பார்த்து அது எந்தத் திசையில் போனது என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். அப்படிச் சொல்லவே முடியாது என்று கடிதங்கள் குவிந்தன. சிலர் இரக்கப்பட்டார்கள், சிலர் கோபப்பட்டார்கள். டாயில் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின்மேல் விழுவதை வைத்துத் திசை சொல்ல முடியாது. வாசகர்கள் சொன்னதே சரி என்று அச்சில் ஒப்புக்கொண்டார். ஆனால் மேடுபள்ளமான நிலத்தில் ஏற்றத்தில் தடம் ஆழமாகவும் இறக்கத்தில் மேலோட்டமாகவும் பதியும், அதை வைத்துச் சொல்லலாம் என்று ஹோம்ஸுக்கு வேறு வழியையும் திறந்துவிட்டார். ஒரு வாசகரின் கடிதத்துக்காக எழுத்தாளர் சைக்கிள் எடுத்துக்கொண்டு வெளியே போனார் என்பதே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பந்தயக் குதிரைக் கதைக்கு ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் விவரம் தெரிந்த ஒருவர் மறுப்பு எழுதினார். கதையில் வருகிறபடி நடந்துகொண்டால் பாதிப்பேர் சிறையில் இருப்பார்கள், மீதிப்பேர் பந்தய மைதானத்தில் காலெடுத்து வைக்க முடியாது என்றார். இதையும் டாயில் மறுக்கவில்லை. வாட்சனுக்கு ஆப்கானியப் போரில் பட்ட குண்டு முதல் நாவலில் தோளில் இருக்கிறது, இரண்டாவதில் காலுக்கு வந்துவிடுகிறது. ஹோம்ஸ் இறந்துவிட்டதாக உலகமே நம்பிய 1892 மார்ச்சில் நடப்பதாக ஒரு கதை இருக்கிறது. வீழ்ச்சிக் கதையில் மோரியார்ட்டியின் பெயரையே கேள்விப்பட்டிராத வாட்சன், அதற்கு முன் நடந்ததாகப் பிற்பாடு எழுதப்பட்ட நாவலில் அவரை நன்றாக அறிந்திருக்கிறார். 1911-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் இந்த முரண்களையெல்லாம் வேதநூல் ஆய்வாளரின் முறையில் அடுக்கி ஒரு கட்டுரை வாசித்தார். படித்துப் பார்த்த டாயில் வியந்து அவருக்குக் கடிதம் எழுதினார். 1934-இல் நியூயார்க்கில் இதற்கென்றே ஒரு வாசகர் சங்கம் தோன்றியது, இன்றும் இயங்குகிறது.

பாம்புக் கதையைப் பற்றி நம் நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கல்கத்தாவில் மருத்துவம் பார்த்த ஒருவர் இந்தியப் பாம்பு ஒன்றைக் கிண்ணத்தில் பால் வைத்துப் பழக்கி, விசில் அடித்துக் கூப்பிட்டு, மணிக் கயிறு வழியாக ஏற்றி இறக்குகிறார். பாம்பு பால் குடிக்கும் என்ற நம்பிக்கையில் புற்றுக்குப் பால் ஊற்றும் ஊர்களில் வளர்ந்த எனக்கே அது அதிகம்தான். கதையில் சொல்லப்படும் சதுப்புநில விரியன் என்றொரு பாம்பு இந்தியாவில் கிடையாது. ஆனாலும் இருட்டில் உட்கார்ந்து அந்த மெல்லிய சீறலைக் கேட்கும் பக்கத்தில் இந்த நியாயங்கள் எதுவும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை.

சில குறைகளை அப்படி விட முடியாது. இரண்டாவது நாவலில் ஆக்ரா கோட்டைக் காவலில் இருக்கும் சீக்கியர்களுக்கு மஹோமெட் சிங், அப்துல்லா கான் என்று பெயர். இது அறியாமை, போகட்டும். அதே நாவலில் அந்தமான் தீவுவாசி ஒருவரை மனித இனத்தின் கடைக்கோடி என்பதுபோல வர்ணிக்கும் பக்கங்கள் கொடுமையானவை. கைவிடப்பட்ட ஒரு மக்களைப் பற்றி, அவர்களுடைய கடலை ஆக்கிரமித்துச் சிறைத்தீவாக்கிய நாட்டிலிருந்து ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார். 1926-இல் வந்த மூன்று முக்கோணக் கூரை வீட்டின் கதை, கறுப்பினத்தவர் ஒருவரை ஹோம்ஸே இழிவாகப் பேசுவதோடு தொடங்குகிறது. அவருடைய நாகரிகத்தை நம்பி வந்த வாசகருக்கு அது அவமானமாக இருக்கிறது. தொடரை நேசிக்கிறேன் என்பதற்காக இந்தப் பக்கங்களை நான் மெதுவாகத் தாண்டிப் போக மாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே பக்கம் நின்ற ஒரே விஷயம் இதுதான்.

இனி அந்தத் தலைகீழ் வாசிப்பு. கடைசியாக வெளிவந்த கதை, 1927-இல் வந்தது, ஷாஸ்கோம் என்ற பழைய மாளிகையைப் பற்றியது. அங்கிருந்து தொடங்கினேன். கடைசித் தொகுப்பின் பன்னிரண்டு கதைகளையும் வேறெந்த ஹோம்ஸ் கதையும் படிக்காதவள்போல் படிக்க முயன்றேன். டாயில் சொன்னது பாதி உண்மை. சலிப்பு இல்லாமல் படித்தால் சில கதைகள் நிமிர்ந்து நிற்கின்றன. சீனப் பீங்கான்களைப் பற்றி ஒரே நாளில் நிபுணராகிப் போய் ஒரு பிரபுவிடம் மாட்டிக்கொள்ளும் வாட்சன் அருமை. ஆனால் மசாரின் வைரக் கதையை எந்தத் திசையிலிருந்து படித்தாலும் அது வெறும் கூடு. காலி வீட்டுக் கதையின் மெழுகுச் சிலையையே எடுத்து மறுபடி உட்கார வைத்திருக்கிறார். குரங்கிலிருந்து எடுத்த மருந்தைக் குத்திக்கொண்டு சுவரேறும் பேராசிரியரின் கதை எனக்கு ஒப்பவில்லை. ஹோம்ஸ் தானே சொல்லும் இரண்டு கதைகளில் அவர் வாட்சன் இல்லாத குறையைத் தானே உணர்ந்து புலம்புகிறார். வாசகருக்கும் அதே புலம்பல்தான்.

அடுத்து மூன்று காரிடெப்களின் கதை. அந்த வினோதக் குடும்பப் பெயர் கொண்ட மூன்றாவது ஆள் கிடைத்தால் பெரிய சொத்து வரும் என்று ஆசைகாட்டி, அறையைவிட்டு வெளியே வராத ஒரு கிழவரைக் கிளப்பி அனுப்புகிறான் ஒருவன். அவனுக்கு வேண்டியது அந்த அறையின் தரைக்கு அடியில் இருக்கிறது. புதிர் என்ற அளவில் இது நகல். 1891-இல் செம்பட்டை முடிக்காரர்களின் சங்கம் என்று ஒன்றைக் கிளப்பி அடகுக்கடைக்காரரைக் கடையைவிட்டு வெளியே இழுத்த அதே தந்திரம். 1893-இல் ஒரு பங்குத் தரகரின் குமாஸ்தாவை வைத்து மீண்டும் செய்த தந்திரம். பின்னோக்கிப் படித்தபோது காரிடெப் கதை எனக்கு முதலில் வந்தது. நகல் என்று கண்டுபிடிக்க அப்போது ஏதும் இல்லை. டாயில் விரும்பிய அந்தப் புதிய மனம் எனக்கு இருந்தது. அப்படியிருந்தும் கதை என்னைத் தொடவில்லை.

தொடாததற்குக் காரணம் இருக்கிறது. கதையின் முடிவில் குற்றவாளி சுடுகிறான். குண்டு வாட்சனின் தொடையை உரசிப் போகிறது. ஹோம்ஸ் அவன் தலையில் துப்பாக்கிக் கட்டையால் அடித்துவிட்டு நண்பனைத் தாங்கிப் பிடிக்கிறார். உதடு நடுங்குகிறது. வாட்சன் செத்திருந்தால் நீ இந்த அறையைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். இந்த ஒரு கணத்துக்காகப் பல காயங்களைத் தாங்கலாம் என்று வாட்சன் எழுதுகிறார். முதல் கதையாக இதைப் படிக்கிறவருக்கு இது காயம்பட்ட நண்பனைப் பார்த்துப் பதறும் ஒருவர், அவ்வளவே. 1887 முதல் வரிசையாக வந்தவருக்கு அப்படி இல்லை. தன் மனைவியாகப் போகிறவளைப் பற்றி வாட்சன் சொன்னபோது வாழ்த்த மறுத்தவர் இவர். மூன்று ஆண்டுகள் செத்தவராக நடித்தவர். 1913-இல் வந்த கதையில், சாகக் கிடப்பதாக நடித்து, வாட்சனின் மருத்துவத் திறமையை முகத்துக்கு நேரே பழித்தவர். அவருடைய உதடு நடுங்குவதைப் பார்க்க வாசகர்கள் முப்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் இந்தக் கதை அச்சானதும் அதே 1924-இல்தான். அதே ஆண்டில்தான் டாயில் பின்னோக்கிப் படிக்கச் சொன்னார்.

டாயில் தன் தொடரைத் தனித்தனிக் கதைகளாகவே எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் உருப்படியான ஒரு புதிர் இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய நேர்மை. அதனால்தான் வரிசையைத் திருப்பிப்போட்டாலும் கெட்டுப்போகாது என்று நம்பினார். கெட்டுப்போகிறது. தொடர் என்பது நாள்பட ஊறும் ஊறுகாயைப் போன்றது. கடைசிக் கரண்டியில் இருக்கிற ருசி ஜாடியைத் திறந்த அன்றைக்கு இருக்க முடியாது. படகுக்காரரும் இதைத் தவறவிட்டார். விழுந்து எழுந்த பிறகு ஹோம்ஸ் பழைய மனிதராக இல்லை என்று அவர் கண்டது சரி. அதைக் குறையாக எடுத்துக்கொண்டார். நான் அதற்காகவே படிக்கிறேன். 1893 முடிய வந்த 24 சிறுகதைகளில் ஹோம்ஸ் அநேகமாக மாறுவதே இல்லை. பிந்திய 32-இல், கொஞ்சம் கொஞ்சமாக, இன்னொரு மனிதரைத் தேவைப்படுகிறவராக ஆகிறார்.

இதற்கு நான் காட்டும் முதல் சாட்சி படகுக்காரரின் ஊரிலேயே நடக்கிறது. 1910-இல் வந்த பேய்க்கால் வேர்க் கதை, கார்ன்வாலில். ஒரு நச்சுப்பொடியின் புகை மூன்று உடன்பிறப்புகளைத் தாக்கியிருக்கிறது. ஒருத்தி செத்திருக்கிறாள், இருவருக்குப் புத்தி பேதலித்திருக்கிறது. ஹோம்ஸ் அந்தப் பொடியைத் தன்மீதே சோதிக்கிறார். வாட்சனும் எதிரே உட்கார்கிறார். புகை மூளையைப் பிடிக்கும் நேரத்தில் வாட்சன் நண்பரின் முகத்தைப் பார்க்கிறார். அந்த அச்சம் அவரைத் தட்டி எழுப்ப, இருவரும் கட்டிப்பிடித்தபடி வெளியே தடுமாறிப் போய்ப் புல்லில் விழுகிறார்கள். பிறகு ஹோம்ஸ் நன்றியும் சொல்கிறார், மன்னிப்பும் கேட்கிறார். தனக்கே செய்துகொள்ளக் கூடாத சோதனை, நண்பனை வைத்துச் செய்தது இருமடங்கு தவறு என்கிறார். காலி வீட்டுக் கதையில் சரியாக வராத மன்னிப்பு இங்கே தடுமாறும் குரலில் வந்து சேர்கிறது. அந்தப் படகுக்காரர் இதைப் படித்திருந்தாரா என்று நினைத்துக்கொள்வேன்.

1927-இல் டாயிலே வாசகர் கருத்துக்கு ஒரு போட்டி வைத்தார். தனக்குப் பிடித்த பன்னிரண்டு கதைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டு, அதை ஊகிக்கும்படி ஸ்ட்ராண்ட் வாசகர்களைக் கேட்டார். பரிசு நூறு பவுன். வென்றவர் பத்துக் கதைகளைச் சரியாகச் சொன்னார். பாம்புக் கதை முதலிடம், செம்பட்டை முடிச் சங்கம் இரண்டாவது, ஆடும் மனிதர்களின் குறியீட்டுக் கதை மூன்றாவது. பந்தயக் குதிரைக் கதையைச் சேர்க்க நினைத்தும், விவரப் பிழைகள் அதிகம் என்று விட்டுவிட்டார். அந்த விளையாட்டுப் பத்திரிகை விமர்சகர் அப்போதும் அவர் காதில் பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்போது இன்னும் நூலாக வராத கடைசிப் பன்னிரண்டு கதைகளைக் கணக்கில் எடுக்கவில்லை. அதை விட்டும், பட்டியலில் ஐந்து கதைகள் வீழ்ச்சிக்குப் பிந்தியவை. படகுக்காரருக்கு அவர் கொடுத்த நல்ல பதில் அந்த ஐந்துதான்.

எங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு பட்டியல் எழுதினோம். அம்மா தன் பட்டியலை நான்கு கதையோடு நிறுத்திக்கொண்டார். மற்றதெல்லாம் எனக்கு ஒன்றுதான் என்றார். அவருடைய முதலிடம் 1917-இல் வந்த கதைக்கு. உலகப்போர் மூளும் தறுவாயில், வயதாகித் தேனீ வளர்க்கும் ஹோம்ஸ், காலம் மாறிக்கொண்டே இருக்கும்போது மாறாத ஒரே புள்ளி நீதான் என்று வாட்சனிடம் சொல்கிற கதை. என் முதலிடம் பேய்க்கால் வேருக்கு. காரிடெப் கதையை ஏழாவதாக வைத்தேன். புதிர் நகலாக இருப்பதற்குத் தண்டனையாக ஆறு இடம் குறைத்தேன்.

தம்பியின் பட்டியலில் பதினொன்று 1893 முடிய வந்தவை. பன்னிரண்டாவது 1904-இல் வந்த மில்வெர்ட்டன் கதை. பெண்களின் பழைய கடிதங்களை விலைக்கு வாங்கி மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவனின் வீட்டில் ஹோம்ஸும் வாட்சனும் இரவில் புகுந்து திருடுகிறார்கள். அவனைப் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தி சுட்டுக்கொல்வதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்கள். அவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். துப்பறிதல் என்று அதில் ஒன்றுமே இல்லை.

"இதில் ஏது புதிர்? இதை எப்படிச் சேர்த்தாய்?" என்று கேட்டேன்.

"புதிர் இல்லைதான். ஆனால் தான் மட்டும் போகிறேன் என்று ஹோம்ஸ் சொன்னதும், என்னைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நேரே வண்டி பிடித்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய் உன்னைக் காட்டிக்கொடுப்பேன் என்று வாட்சன் மிரட்டுகிறாரே, அக்கா. அதை எப்படி விட முடியும்?" என்றான்.